ரஹஸ்யத்ரயத்துக்கு ஒரு வேற்றுச் சமய உரை: சில விசாரங்கள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் ஸம்ப்ரதாயத்தில் உள்ளார் எவரும் கேட்ட மாத்திரத்தில் திடுக்கிடும்படியான ஒரு நூல் 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. திருமந்த்ரம், த்வயம், சரமச்லோகம் என்னும் ரஹஸ்யங்கள் மூன்றுக்கும் ஒரு கிறிஸ்தவ உரை அது. எழுதியவர் இயேசு சபைத் துறவியும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியருமான பிரான்சிஸ் க்ளூனி. நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘உண்மை, வழி, வாழ்வு’ என்றாகும். யோவான் சுவிசேஷத்தில் வழி முதலாகவும் உண்மை இரண்டாவதாகவும் வரும் மூன்று சொற்களை முன்பின்னாக மாற்றி அமைத்திருக்கிறார். மாற்றிய வரிசையில் தத்த்வம், ஹிதம், புருஷார்த்தம் என்ற நம் வரிசை தோன்றுகிறது. தலைப்பிலேயே இரண்டு மரபுகளையும் ஒரே மூச்சில் உச்சரிக்க முயன்றிருக்கிறார் என்று அடியேன் கொள்கிறேன்.

அடியேனுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. திருத்தகப்பனாரிடமும் பாட்டனாரிடமும் வீட்டுத் திண்ணையில் ஸந்தை சொல்லிக் கற்றதே கல்வி. ஆங்கிலம் பிற்காலத்தில் தட்டுத்தடுமாறிப் பழகியது. ஆகையால் பேத்தி இந்நூலை மாலைதோறும் உரக்க வாசித்துப் பொருள் சொல்ல, சில மாதங்கள் கேட்டேன். கேட்டதில் எழுந்த விசாரங்களைப் பெரியோர் திருமுன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வேற்றுச் சமயத்தார் நம் ரஹஸ்யங்களுக்கு உரை எழுதலாமா என்பது முதற்கேள்வி. எழுதிவிட்டார், அதை நாம் எவ்வாறு படிப்பது என்பது இரண்டாவது. அதைப் படித்தபின் நம்மிடத்தில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது என்ன என்பது மூன்றாவது. மூன்றாவதே அடியேனை உறுத்துவது. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

ஒரு பழைய கடன்

1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் எழுந்த கலவரத்தை நாஞ்சில் நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். பகவதியம்மன் கோயில் மாசிக் கொடையின்போது கரையோரக் கிறிஸ்தவர்களுக்கும் இந்துக்களுக்கும் இடையே மூண்ட பகை பல ஊர்களுக்குப் பரவிற்று. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, அரசு நீதிபதி வேணுகோபால் ஆணையத்தை அமைத்தது. குன்றக்குடி அடிகளார் போன்றோர் வந்து இரு தரப்பாரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கப் பாடுபட்டனர். அந்தப் பணி பெரியது, அதில் ஐயமில்லை.

அதன்பின் ஊர்தோறும் நடந்த அமைதிக் கூட்டங்களுள் ஒன்றில் பேச அடியேனையும் அழைத்திருந்தனர். அப்போது வயது முப்பதை ஒட்டியிருக்கும். முக்கடலும் கூடும் மண்ணில் பிறந்தவர் எவருக்கும் எளிதில் கிடைக்கும் உவமையையே சொன்னேன்: ஆறுகள் பல, கடல் ஒன்று, பெயர்கள் பல, பொருள் ஒன்று. கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தபின் கரையோர ஊரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்தார். அவர் கோயிலில் ஞானபாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்.

“சாமி, நல்லாத்தான் பேசினீங்க. ஒண்ணு கேக்கட்டுமா? எங்க சேசுவும் உங்க பெருமாளும் ஒண்ணுன்னு நீங்க உண்மையாட்டே நம்புறீங்களா? நான் நம்பல்ல. நம்பாமலே உங்களோட சண்டை போடாம இருக்க முடியும்னுதான் நெனைக்கேன்.”

அடியேன் சிரித்து மழுப்பினேன். திருவாய்மொழியின் முதற்பத்து முதல் பரத்வ நிர்ணயத்தைக் கற்றவன், மேடையில் அதைக் கைவிட்டுப் பேசினேன். அவரோ கைவிடவில்லை. இருவரில் உண்மையாகப் பேசியவர் அவரே. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத கடன் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது. க்ளூனியின் நூலைக் கேட்கையில் அக்கடன் நினைவுக்கு வந்தது. இவரும் ‘எல்லாம் ஒன்று’ என்ற சொல்லை நாடாதவர்.

அதிகாரம் யாருக்கு?

ரஹஸ்யம் என்றாலே மறைத்துப் பேணப்படுவது. ஆசார்யன் திருவடியில் ஒதுங்கி, குருபரம்பரையை அநுஸந்தித்துப் பெற வேண்டியது. அச்சுப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் பெறுவது அன்று. இதை முன்னிட்டு, க்ளூனியின் நூலைத் தொடவே கூடாதென்பார் சிலர்.

அவர்களுக்கு உடையவர் சரித்திரத்தையே விடையாக்கலாம். திருக்கோட்டியூர் நம்பியிடத்தில் பதினெட்டு முறை நடந்து பெற்ற பொருளை உடையவர் விரும்பினோர்க்கெல்லாம் வெளியிட்டார் என்கிறது குருபரம்பரை. அதற்கு முன்பு ஒருவருக்கு ஒருவராய்ச் சொல்லிவந்த வரம்பை எம்பெருமானார் அறுத்தார் என்றும், அதன்பின் ஆசை ஒன்றே தகுதியாயிற்று என்றும் உபதேசரத்தினமாலையில் மாமுனிகள் காட்டுகிறார். குலம், ஊர், மொழி அங்கே தகுதியாகச் சொல்லப்படவில்லை.

ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆசை என்பது எதில் ஆசை? அறிவதில் ஆசையா, அடைவதில் ஆசையா? சம்ஸாரத்தில் அச்சமும் ப்ராப்யத்தில் த்வரையும் கூடியவனையே முமுக்ஷு என்கிறோம். க்ளூனி பல ஆண்டுகள் நம் நூல்களோடு வாழ்ந்தவர். சென்னையில் தங்கி நம் பண்டிதர்களிடம் பாடம் கேட்டவர். அவருடைய அறியும் ஆசை ஐயத்துக்கு இடமற்றது. அன்பும் உண்டு என்பதை நூல் காட்டுகிறது. ஆனால் நாராயணனிடத்தில் சரணம் புகும் ஆசை தமக்கு உண்டென்று அவர் சொல்லவில்லை. தாம் கிறிஸ்தவராகவே நின்று படிப்பதாகச் சொல்கிறார். ஆகவே மந்த்ரத்தைப் பெற்றவர் என்று அவரைக் கொள்ள இயலாது. மந்த்ரத்தின் பொருளைக் கேட்டவர் என்று கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அவர் மறைக்காததே அவர் நேர்மை. அந்தத் தூரத்தைப் பிளவு என்று இகழவும் வேண்டா. இல்லையென்று மூடவும் வேண்டா.

நூலின் சிறப்பு

மேல்நாட்டார் நம் நூல்களை ஆராய்வது புதிதன்று. ஜெர்மானியரான ருடால்ப் ஓட்டோ 1930இல் இந்தியாவின் க்ருபா ஸமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு எழுதினார். ஜான் கார்மன் 1974இல் எம்பெருமானாரின் தத்த்வத்தைப் பற்றி நூல் செய்தார். 1989இல் வசுதா நாராயணனோடு சேர்ந்து ஆறாயிரப்படியை முன்வைத்துத் திருவாய்மொழியை விளக்கினார். க்ளூனியே 1996இல் திருவாய்மொழியையும் அதன் வியாக்யானங்களையும் பற்றி எழுதியுள்ளார்.

இவ்வரிசையில் 2008ஆம் ஆண்டு நூலின் தனிச்சிறப்பு ஒன்றே. மூலத்தை வெறுங்கையோடு அணுகாமல் வியாக்யாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அணுகுகிறார். ப்ரணவத்தில் உள்ள அக்ஷரங்கள், நான்காம் வேற்றுமையின் பொருள், நம:சப்தத்தைப் பிரிக்கும் முறை என்று சொல் சொல்லாக நின்று கேட்கிறார். மேடையில் நடக்கும் ஸமய உரையாடல்களில் இது காணக் கிடைப்பதில்லை. அங்கே அன்பு, அமைதி, மனிதநேயம் என்ற பெருஞ்சொற்களே உலவும். அவை எவர்க்கும் உடன்பாடானவை; ஆகவே எவரையும் அசைப்பதில்லை. ஒரு வேற்றுமை உருபின்மேல் நின்று விசாரிக்கும்போதே ‘உயிர் யாருக்கு உரியது’ என்ற கேள்வி உயிர் பெறுகிறது.

நூலின் குறை

இனிக் குறை. இந்நூலுக்கு அடித்தளம் ஸ்வாமி தேசிகனின் ஸ்ரீமத் ரஹஸ்யத்ரயஸாரம். அதன் 27, 28, 29ஆம் அதிகாரங்களே மூன்று ரஹஸ்யங்களையும் முறையே விவரிப்பவை. அதே ஆண்டில் இவர் எழுதிய மற்றொரு நூலும் தேசிகனையும் பிரான்சிஸ் டி சேல்ஸ் என்னும் கிறிஸ்தவ ஆசிரியரையும் சரணாகதி விஷயத்தில் ஒப்பிடுவதே. தேசிகனைத் தேர்ந்தது குற்றமன்று. அவருடைய தர்க்கமும் ஒழுங்கும் ஆராய்ச்சியாளரை ஈர்ப்பது இயல்பு. ஆனால் பிள்ளைலோகாசார்யரின் முமுக்ஷுப்படியும் அதற்கு மாமுனிகள் அருளிய வியாக்யானமும் இந்த உரையாடலுக்கு அச்சாணியாகவில்லை. அது நம் கலைக்கு நேர்ந்த குறை என்பதற்காகச் சொல்லவில்லை. கிறிஸ்தவரோடு பேசுவதற்கு மிக நெருங்கிய இடங்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது, சரமச்லோகத்தின் ‘ஏகம்’ என்னும் சொல். தம்மைச் சரணமாகப் பற்றச் சொன்ன எம்பெருமான், பற்றுகிற நம் செயலையும் உபாயமாக எண்ணிவிடாதபடி அச்சொல்லை இட்டான் என்பர் லோகாசார்யர். பற்றுதல் வேண்டும்; ஆயினும் காப்பது பற்றுதல் அன்று, பற்றப்பட்டவன். தேசிகன் வேறு வகையாக நிர்வஹித்து, பரந்யாஸத்தை ஒரு வ்யாஜமாகக் கொள்வார். இவ்விரு நிர்வாஹங்களுக்கும் இடையிலுள்ள நூலிழைதான் சீர்திருத்தச் சபையாரை இன்றளவும் வருத்தும் கேள்வி: க்ருபையால் மட்டுமே ரக்ஷை என்றால், நம்பிக்கை என்பதும் மனிதன் செய்யும் ஒரு செயலாகாதோ? மயிலாடியில் 1806இல் ரிங்கல்தௌபே வந்தது முதல் இந்நாட்டில் அச்சபையார் உள்ளனர். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்தும், இந்த ஒரு கேள்வியைப் பற்றி அவர்களும் நாமும் உட்கார்ந்து பேசியதை அடியேன் கண்டதில்லை. மேல்நாட்டு ஆராய்ச்சியோ இக்கருத்து வேற்றுமையைப் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்ற இரு உவமைகளில் அடக்கிவிட்டு நகர்வதே வழக்கமாயிற்று. உவமை வாசலைக் காட்டும், வீட்டைக் காட்டாது.

இரண்டாவது, த்வயத்தின் தொடக்கத்தில் நிற்கும் ஸ்ரீசப்தம். பிராட்டி புருஷகாரமாய் நிற்கிறாள்; உபாயம் எம்பெருமான் ஒருவனே என்பது லோகாசார்யர் திருவுள்ளம். தேசிகன் பிராட்டிக்கு உபாயத்வத்திலும் அந்வயம் கொள்வார். கன்னியாகுமரியில் குமரியம்மன் கோயிலும் அலங்கார உபகார மாதா கோயிலும் நடை தூரத்தில் உள்ளன. ‘மாதா பரிந்து பேசுவாள், மீட்பவர் மகனே’ என்பது கத்தோலிக்கர் கொள்கை. இதற்கு அருகே வைத்துப் பார்க்கத்தக்கது லோகாசார்யரின் புருஷகார நிரூபணமே. க்ளூனி 2005இல் அன்னை வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலில் பராசர பட்டரின் ஸ்ரீகுணரத்நகோசத்தை எடுத்தாண்டிருக்கிறார். அதை அறிந்தவர் இந்த நூலிலும் அவ்வழியே போயிருக்கலாம்.

போயிருந்தால் ஒற்றுமையோடு வேற்றுமையும் தெளிவாகியிருக்கும். அங்கே தாய்மை இறைவனுக்கு. மரியாள் இறைவனைப் பெற்றவள், பிறப்பால் மானிடப் பெண். இங்கே தாய்மை நமக்கு. பிராட்டி எம்பெருமானை ஒருகாலும் பிரியாதவள், அவனோடு கூடவே நமக்குத் தாய். பரிந்து பேசும் செயல் ஒன்றுபோல் தோன்றினும், பேசுகிறவளுக்கும் கேட்கிறவனுக்கும் உள்ள உறவு வேறு. உறவு வேறானால் பேச்சின் ரஸமும் வேறு. இப்படிப்பட்ட வேற்றுமையை அறிவது பகையாகாது. ஒருவர் வீட்டுத் தாயை மற்றொருவர் அறிந்துகொள்வதாகும்.

அறத்தைப் பற்றிய கேள்வி

சரமச்லோகத்தின் பகுதியை வாசித்த அன்று பேத்தி புத்தகத்தை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “தாத்தா, எல்லாத் தர்மத்தையும் விட்டுவிட்டு என்னைப் பற்று, பாபங்களிலிருந்து விடுவிக்கிறேன் என்றால், நல்லவளாக நான் ஏன் இருக்க வேண்டும்?” இக்காலத்து இளைஞர் கேள்வி இதுவே. கடவுளை நம்பாதோரும் நேர்மையாய் வாழ்கின்றனர். நம்புவோர் பலர் நேர்மையின்றி வாழ்கின்றனர். பின் நம்பிக்கை எதற்கு என்பதே அதன் உள்ளுறை.

கிறிஸ்தவர்க்கும் இது புதிதன்று. க்ருபை பெருகும்படி பாபத்தில் நிலைத்திருக்கலாமோ என்ற ஆக்ஷேபத்தை எழுப்பி மறுப்பதிலேயே பவுல் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம் தொடங்குகிறது. நம் மரபில் இதே ஆக்ஷேபம் தோஷபோக்யத்வ விசாரத்தில் எழும். ஈன்ற கன்றின் உடம்பிலுள்ள அழுக்கைப் பசு நக்குமாபோலே எம்பெருமான் நம் குற்றங்களையும் போக்யமாகக் கொள்வான் என்றால், குற்றம் செய்யத் தடை என்ன? நக்குவது பசுவின் வாத்ஸல்யம். கன்று அழுக்கைத் தேடிப் புரள்வதற்கு அது விதியாகாது. விடச் சொன்னதும் தர்மங்களை உபாயமாகக் கொள்ளும் புத்தியையே. உபாயமாக விடப்பட்ட நல்லொழுக்கம் கைங்கர்யமாகத் திரும்பி வருகிறது. கூலிக்குச் செய்ததை இனி அன்புக்குச் செய்கிறான். செயல் அதுவே, செய்கிறவன் வேறாகிவிட்டான்.

பவுலின் விடையும் நம் விடையும் ஒன்றா? அல்ல. அவர் விடை, பாபத்துக்கு மரித்துக் கிறிஸ்துவோடு புதிய வாழ்வில் எழுதல். பவுல் மொழியில் விச்வாஸி புத்திரனாக ஸ்வீகரிக்கப்படுகிறான். நம் விடை சேஷத்வம். உயிர் என்றும் அவனுடையதே. புதிதாக ஒட்டப்பட்ட உறவு அன்று, மறந்திருந்த உறவு. ஒழுங்காக நடப்பது அந்த உறவை உண்டாக்குவதற்கன்று. அந்த உறவு உள்ளதனால். இதைச் சொன்னபோது பேத்தி, “இரண்டு பேருக்கும் கஷ்டம் ஒன்று, வழி இரண்டு” என்றாள். ஸமய உரையாடல் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான லக்ஷணம் அடியேனுக்குத் தெரியவில்லை. கஷ்டத்தை மறைத்துவிட்டு வழிகளை மட்டும் புகழ்ந்துகொண்டால் அது உபசாரம், உரையாடல் அன்று.

சொற்களோடு சென்றவர்

இவ்விடத்தில் நம்மிலிருந்து சென்ற ஒருவரையும் நினைக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பில் 1827இல் வைஷ்ணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனைக் கற்றுத் தேர்ந்து, 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர். 1678இல் வெளியான ஜான் பனியனின் கதையைத் தழுவி அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்று அவர்கள் கொண்டாடுகின்றனர். அடியேன் வளர்ந்த வீட்டில் அவர் பெயரை எவரும் உச்சரித்ததில்லை.

உச்சரித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அவர் காவியத்தின் பெயரிலேயே ரக்ஷணம் என்ற சொல் நிற்கிறது. அகாரத்துக்கு ரக்ஷகன் என்று பொருள் உரைக்கும் நம்மவர்க்கு அது அந்நியச் சொல்லா? பனியன் கதையில் யாத்ரிகன் முதுகுச் சுமை சிலுவையடியில் அறுந்து விழுகிறது. நம்மவரும் பரஸமர்ப்பணம் என்கிறோம். ஆயின் அங்கே சுமை விழுந்தபின்னும் வழியெங்கும் ஆபத்தும் சோதனையும் தொடர்கின்றன; வழி தவறினால் வீழ்ச்சி உண்டென்ற அச்சமும் தொடர்கிறது. இங்கே ப்ரபந்நன் நிர்பரன். எஞ்சிய நாள் கைங்கர்யத்துக்கானது, அர்ச்சிராதி மார்க்கத்தில் வழிகாட்டிச் செல்பவன் அவனே. சுமை என்ற சொல் ஒன்று. சுமை இறங்கியபின் நடக்கும் நடை வேறு. ஒரு மனிதருக்குள்ளேயே இரு மரபுகளும் பேசிக்கொண்ட இந்நூலை நம் பண்டிதர் எவரேனும் அன்றே ஊன்றிப் படித்து விடை எழுதியிருந்தால், நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் உரையாடல் நூறாண்டுக்கு முன்பே கண்ணியமாகத் தொடங்கியிருக்கும். விட்டுப் போனவரைப் பற்றிய மௌனம் அவரை ஒன்றும் செய்யவில்லை. நம் செவியைத்தான் மந்தமாக்கிற்று.

ஆழ்வார் காட்டிய முறை

இவ்வுரையாடலுக்கு நம் மரபில் ப்ரமாணம் உண்டா என்று கேட்பார்க்கு நம்மாழ்வார் திருவாக்கே விடை. திருவாய்மொழி 1.1.5இல், அவரவர் தம் அறிவுக்கு ஏற்பத் தம் தெய்வங்களை அடைவதையும், அத்தெய்வங்கள் பலன் தருவதில் குறையற்றிருப்பதையும் அருளிச்செய்கிறார். உள்ளே நின்று அப்பலனைக் கொடுப்பவன் எம்பெருமானே என்று வியாக்யாதாக்கள் விவரிப்பர். அமைதிக் கூட்டங்களில் நாம் எடுத்துச் சொல்வது இப்பாசுரத்தையே; அதிலும் பின்பகுதியை விழுங்கிவிட்டு முன்பகுதியை மட்டும்.

அதே ஆழ்வார் 4.10இல் லிங்க புராணத்தாரையும் சமணரையும் சாக்கியரையும் பெயர் சொல்லி அழைத்துப் பரத்வத்தை ஸ்தாபிக்கிறார். வாதத்துக்கு நிற்போர் எடுத்துச் சொல்வது இத்திருவாய்மொழியையே. முன்னதை மட்டும் பற்றியவர்க்குக் கொள்கை கரைகிறது. பின்னதை மட்டும் பற்றியவர்க்குக் கருணை கரைகிறது. பூர்வாசார்யர்கள் இரண்டையும் சேர்த்தே படித்தார்கள். சேர்க்கும் கயிறு ஸங்கதி. 4.10க்கு முன் நிற்பது, உலகியற்கையின் துயரைக் கண்டு பொறாது ஆழ்வார் கதறும் திருவாய்மொழி. பிறர் படும் துயரைத் தாங்க மாட்டாத நெஞ்சிலிருந்தே அடுத்த உபதேசம் பிறக்கிறது. துயரைக் கண்டு உருகாதவன் 4.10ஐச் சொன்னால் அது வசவாகும். மண்டைக்காட்டு நாள்களில் இரு பக்கத்திலும் சொற்கள் அப்படியே ஆயின.

மேலும், அழைத்துப் பேசுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறரைப் பற்றி நம்மவரிடம் புறங்கூறுவது எளிது. பிறரை முன்னிலையில் நிறுத்திப் பேசினால் அவர்க்கு மறுமொழி சொல்லும் உரிமை வந்துவிடுகிறது. ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் பூர்வபக்ஷத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்த பின்னரே ஸித்தாந்தம் தொடங்கும் முறையும் இதுவே. எதிரியின் வாதத்தை எதிரியைவிட நன்றாகச் சொல்லத் தெரியாதவன் நம் மரபில் வித்வான் ஆகான். க்ளூனி நம் பக்ஷத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டார். அவர் பக்ஷத்தைச் சொல்லக் கற்றவர் நம்மில் எத்தனை பேர்?

நம்மை நோக்கித் திரும்பும் சொல்

இறுதியாக ஒன்று. திருமந்த்ரத்தின் நடுவில் நிற்கும் நம:சப்தத்தை ‘எனக்கு அன்று’ என்று பிரித்துப் பொருள் கொள்கிறோம். நான் எனக்கு உரியேன் அல்லேன்; என் உடைமை எதுவும் எனக்கன்று. க்ளூனியின் நூலைப் பற்றி அடியேன் உள்ளத்தில் முதலில் எழுந்தது எது என்று பார்த்தால், ‘எங்கள் மந்த்ரத்தை இவர் எப்படித் தொடலாம்’ என்ற எண்ணம். எங்கள் என்ற சொல்லையே அறுக்க வந்த மந்த்ரத்தின்மேல் எங்கள் என்ற முத்திரையைக் குத்தினேன். கோயிற்குடியில் பிறந்தார்க்கு இந்த நோய் எளிதில் வரும். வெளியார் ஒருவர் படித்ததனால் இது தெரியவந்தது என்றால், அந்த அளவுக்கு அவர் நமக்கு உபகாரகரே.

அவர்க்கும் அதே சொல்லால் ஒரு கேள்வி உண்டு. எவ்வளவு தூரம் போவது, எங்கே நிற்பது என்பதைப் படிப்பவரே தீர்மானித்துக்கொள்ளும் படிப்பில், தீர்மானிக்கும் ‘நான்’ அறுபடாமல் நிற்கிறதன்றோ? ஆசார்யன் இடும் எல்லைக்கும் ஆராய்ச்சியாளன் தானே இட்டுக்கொள்ளும் எல்லைக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான். தம் சபையின் கீழ்ப்படிதலை அவர் விடையாகச் சொல்லக்கூடும். சொன்னால் கேட்கக் காத்திருக்கிறேன்.

நாகர்கோவிலுக்கு அருகே திருவண்பரிசாரம் இருக்கிறது. உடையநங்கையார் பிறந்த ஊர் என்று போற்றப்படுவது. திருவாய்மொழி 8.3.7இல் அவ்வூர் வழியே வருவோரும் போவோரும், அங்கு எழுந்தருளியிருக்கும் திருவாழ்மார்பனிடத்தில் தம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஆழ்வார் ஏங்குகிறார். திருவாழியும் திருச்சங்கும் சுமந்து உடன் உழல ஓர் அடியான் உண்டு என்று சொல்வார் இல்லையே என்பது அவர் துயரம். வழிப்போக்கர் யார், எக்குடியினர், என்ன கற்றவர் என்று அவர் விசாரிக்கவில்லை. சொல்வார்களா என்பதே அவர் கவலை. வந்து போகிறவர்கள் வாயில் அவன் பேச்சு இருக்குமானால் ஆழ்வார் திருவுள்ளம் உகக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பிழை கண்டால் திருத்திச் சொல்வதும், நம்மிடத்தில் பிழை காட்டினால் ஏற்றுக்கொள்வதும் ஊரில் இருப்பவர் கடமை.

அந்த உபதேசியார் இப்போது இல்லை. அவர் கேள்விக்கு விடை, காலம் கடந்தேனும், இங்கே எழுதிவைக்கிறேன்: நானும் நம்பவில்லை. நம்பாமலே உம்மோடு பகையின்றி இருக்க முடியும் என்று நீர் சொன்னது ஸத்யம். அதற்குமேலும் ஒன்று முடியும் என்று இப்போது அறிகிறேன். உம் வேதத்தை உம் உரையோடு நான் கேட்கலாம். முமுக்ஷுப்படியை என் ஆசார்யர்கள் உரையோடு நீர் கேட்கலாம். அந்தப் பாடம் அன்றே தொடங்கியிருக்க வேண்டும்.

முமுக்ஷுப்படியை முன்வைத்துக் கிறிஸ்தவ வாசகரை நோக்கி ஒரு விரிவான உரை எழுத, வயதும் கல்வியும் உடைய இளம் வித்வான்கள் முன்வரவேண்டும் என்று வேண்டி, இதில் உள்ள பிழைகளைப் பாகவதர்கள் பொறுத்துத் திருத்திக்கொள்ளும்படி ப்ரார்த்திக்கிறேன்.

அடியேன், ராமாநுஜதாஸன்.